வாவிக்கரைப் பெயர்கள் – 6: பிள்ளையும் குடியும்

சென்ற அத்தியாயத்தில் ஆரைப்பற்றை ஆரையம்பதியான கதையைப் பார்த்தோம். ஈரநிலத்தில் நாலிலையாகப் படரும் ஆரைக்கீரையும் அது மண்டிக் கிடந்த பற்றையும் சேர்ந்து ஊருக்குப் பெயராயின. பின்னாளில் ‘பற்றை’ போய்ப் ‘பதி’ வந்தது. ஆனாலும் மூத்தவர்கள் நாவில் ‘ஆரப்பத்த’ இன்னும் போகவில்லை. ஊரின் பெயரைப் பார்த்தாயிற்று. இனி ஊராரின் பெயர்.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வீதியில் தெற்கே வந்தால் காத்தான்குடியைத் தாண்டியதும் ஆரையம்பதி. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே ஒடுங்கிய மணல் நிலம். வாவிக்கு அப்பால் கொக்கட்டிச்சோலையும் படுவான்கரை வயல்களும் இருக்கின்றன. இந்த எழுவான்கரை ஊர்களில் பழைய காணி உறுதிகளையும் கோயில் உபயகாரர் பட்டியல்களையும் புரட்டுகிறவர் கண்ணில் ஒரு சொல் மறுபடி மறுபடி படும். கணபதிப்பிள்ளை, வேலுப்பிள்ளை, தம்பிப்பிள்ளை, சின்னப்பிள்ளை, நல்லபிள்ளை என்று வரிக்கு வரி ‘பிள்ளை’. இலங்கைக்கு வெளியே இதே சொல் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும், மொரீசியசிலும் தென்னாபிரிக்காவிலும் ஒரு குடும்பப் பெயராக, ஆங்கிலேயர் ‘சர்நேம்’ என்று சொல்வதாக, வழங்குகிறது.

அப்படியானால் ஆரையம்பதிக் கணபதிப்பிள்ளையின் ‘பிள்ளை’யும் குடும்பப் பெயர்தானா? அல்ல என்பதே என் பதில். இந்த ஊரில் ஒருவரின் வமிசத்தைச் சொல்வது வேறொரு சொல். அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல், தாயிடமிருந்து பிள்ளைக்கு வாய்வழியாக வந்துகொண்டிருக்கிறது. பெயரில் எழுதப்படும் பிள்ளையின் வரலாற்றையும், எழுதப்படாத அந்தக் குடியின் வரலாற்றையும் சேர்த்துப் பார்ப்பதே இந்த அத்தியாயம்.

பட்டமான பிள்ளை

பிள்ளை என்றால் குழந்தை. தெலுங்கிலும் ‘பில்ல’ என்றால் சிறுமி. ‘பில்லலு’ என்றால் குழந்தைகள். ஆக, தமிழுக்கு மட்டும் உரிய சொல் அன்று. திராவிட மொழிகளின் பழைய பொதுச்சொத்து. குழந்தையைக் குறித்த இந்தச் சொல் மரியாதைக்கு உரியவரைக் குறிக்கத் தொடங்கியது மிகப் பழைய காலத்தில். சைவர்கள் திருஞானசம்பந்தரை ஆளுடைய பிள்ளையார் என்றார்கள். யானைமுகனைப் பிள்ளையார் என்றார்கள். சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் அரச குமாரரும் அரசனுக்கு நெருங்கிய பெரும் அதிகாரிகளும் ‘பிள்ளை’, ‘பிள்ளையார்’ என்று குறிக்கப்படுகிறார்கள். அரசனுக்குப் பிள்ளை போன்றவர் என்ற நெருக்கமே பட்டத்தின் பொருள்.

இந்தப் பட்டம் எந்தச் சாதிக்கும் தனியுரிமையாக இருக்கவில்லை. வைணவத்தில் நம்பிள்ளை, பெரியவாச்சான் பிள்ளை, பிள்ளை லோகாசாரியர் என்ற ஆசாரியர்கள் அந்தணர்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்து, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை யாதவ மரபினர். திருவிதாங்கூரில் அரசர் கொடுத்த பட்டமாக நாயர் குடும்பங்களுக்கும் பிள்ளை வந்தது. மார்த்தாண்ட வர்மாவை எதிர்த்த எட்டுவீட்டுப் பிள்ளைமார் அந்த வழியினர். தமிழ்நாட்டில் வேளாளரிடம் இது நிலைத்து, தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியது. வ. உ. சிதம்பரம் பிள்ளையின் தந்தை உலகநாத பிள்ளை. இப்படிச் சாதியைச் சொல்லும் வாலாக மாறியதால்தான், 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடும்படி தீர்மானம் போட்டது. இன்று தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் பிள்ளை போட்டுக்கொள்வோர் அருகிப் போனதற்கு அங்கிருந்தே தொடக்கம்.

ஈழத்தில் நடந்தது வேறு. சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் தந்தை பெயர் வைரவநாதர். தந்தையிடம் இல்லாத பிள்ளை மகனிடம் எப்படி வந்தது? மகனுக்கு இட்ட பெயரே தாமோதரம்பிள்ளை என்பதுதான் விடை. பிள்ளை தனியே ஒட்டிய பட்டமன்று; பெயரின் உடம்போடு சேர்ந்த உறுப்பு. அதனால்தான் நாம் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதுகிறோம். மட்டக்களப்பின் பெரும் புலவரான மண்டூர்ப் புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளையின் பெயரைப் பாருங்கள். பெரிய, தம்பி, பிள்ளை மூன்றும் வீட்டுக்குள் புழங்கும் உறவுச் சொற்கள். மூத்ததம்பி, இளையதம்பி, சீனித்தம்பி, சின்னத்தம்பி என்று இங்கே வழங்கும் பெயர்களும் அப்படியே. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகளின் இளமைப் பெயர் மயில்வாகனன், தந்தை சாமித்தம்பி. தந்தை பெயரில் ஒரு துண்டுகூட மகன் பெயரில் தொடரவில்லை. முன்னெழுத்தாக மட்டுமே நிற்கும். ஆரையம்பதி தந்த எழுத்தாளர் அன்புமணியின் இயற்பெயர் இரா. நாகலிங்கம். அந்த ‘இரா.’வும் ஒரு தலைமுறைக்கு மேல் செல்லாது.

இன்னும் இரண்டு செய்திகள் இதை உறுதி செய்கின்றன. ஈழத்தில் பெண்களுக்கும் பிள்ளை உண்டு: வள்ளிப்பிள்ளை, அன்னப்பிள்ளை, தங்கப்பிள்ளை. சாதிப் பட்டமாக இருந்தால் இது நடக்காது. அடுத்து, கிழக்குக் கரை முஸ்லிம்களிடம் மீராப்பிள்ளை என்ற பெயர் தலைமுறைகளாக வழங்குகிறது. சாதியும் சமயமும் கடந்து, பெற்றவர்கள் ஆசையோடு பிள்ளைக்கு இட்ட பெயராகவே இந்தக் கரையில் பிள்ளை இருந்து வந்திருக்கிறது.

பிள்ளை புள்ளையான வழி

எழுத்தில் பிள்ளை. ஆரையம்பதியில் காதால் கேட்டால் ‘புள்ள’. வாசலில் புதிதாக நிற்கும் பையனைப் பார்த்து, “ஆர்ர புள்ள மனெ நீ?” என்று ஒரு பெத்தா கேட்கும்போது வருவது இந்தப் புள்ளதான். இதைக் கொச்சை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. உண்மையில் இதற்குப் பின்னால் ஒழுங்கான ஒலி விதி இருக்கிறது.

ப, ம, வ என்பன உதட்டில் பிறக்கும் எழுத்துகள். ட, ண, ள, ழ என்பன நாக்கை மடித்து மேலண்ணத்தில் தொட்டோ வருடியோ ஒலிப்பவை. இந்த இரண்டுக்கும் நடுவே இகரமோ எகரமோ வந்தால், உதட்டின் குவிவும் நாவின் மடிப்பும் சேர்ந்து அதை இழுத்து உகரமாகவும் ஒகரமாகவும் ஆக்கிவிடும். பிடி புடியாகிறது. பெட்டி பொட்டியாகிறது. பெண் பொண்ணாகிறாள். வீடு முதலில் வூடாகி, வகரமும் தேய்ந்து ‘ஊடு’ ஆகிறது. பிள்ளை புள்ள ஆவதும் அதே விதிப்படிதான். ஈற்றிலுள்ள ஐகாரம் குறுகி அகரமாவதும் தனிக்கதையன்று. தலை தல, மலை மல, பிள்ளை புள்ள. மலையாளம் இந்த ஈற்று மாற்றத்தை எழுத்திலேயே ஏற்றுக்கொண்டது. அங்கே பிள்ளை ‘பிள்ள’ என்றே எழுதப்படும். 1984ஆம் ஆண்டின் ஞானபீடப் பரிசு பெற்ற தகழி, மலையாளத்தில் சிவசங்கரப் பிள்ள.

நாட்டார் நாவில் இருந்த இந்தப் புள்ளதான் அயலார் காதில் விழுந்தது. அவர்கள் எழுதியதும் அதையே. பிரெஞ்சுக்காரர்கள் ஆனந்தரங்கப் பிள்ளையை ‘புல்லே’ என்று எழுதினார்கள். புதுச்சேரியின் பிரெஞ்சுப் பத்திரங்களில் பிள்ளைகள் எல்லாரும் புல்லேக்களே. இலங்கையின் மேற்குக் கரையில், நீர்கொழும்புப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் பெர்னாண்டோபுள்ளே என்ற பெயர் உண்டு. 2008 ஏப்ரல் 6ஆம் திகதி கொல்லப்பட்ட அமைச்சர் ஜெயராஜ் பெர்னாண்டோபுள்ளேயை வாசகர்கள் அறிவார்கள். போர்த்துக்கேயர் கொண்டுவந்த பெர்னாண்டோவும் தமிழர் நாவிலிருந்த புள்ளையும் சேர்ந்து சிங்களத்தில் நிலைத்த பெயர் அது. பள்ளிக்கூடம் கொச்சை என்று திருத்திய உச்சரிப்பை, இரண்டு மொழிகள் தம் எழுத்தில் பத்திரமாக வைத்திருக்கின்றன. பேச்சு மொழியைப் பழித்தவர்கள் தொலைத்துவிட்ட சான்று இது.

கடல் கடந்த பிள்ளைக்கு வேறு வடிவம் கிடைத்தது. 1819இல் ராபிள்ஸ் காலத்தில் பினாங்கிலிருந்து சிங்கப்பூர் வந்த நாராயண பிள்ளை அங்கே முதல் தமிழ்த் தலைவர்களில் ஒருவர். 1827இல் சவுத் பிரிட்ஜ் வீதியில் எழுந்த மாரியம்மன் கோயில் அவர் முயற்சி. ஆங்கிலேய எழுத்தர்கள் பிள்ளை என்பதை ஒரு முறை ஐகார ஈற்றோடும் இன்னொரு முறை ஏகார ஈற்றோடும் எழுதினார்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட முதல் ஒப்பந்தத் தொழிலாளர் கப்பல் 1860 நவம்பரில் தர்பனை அடைந்தது. அந்த வழியில் தென்னாபிரிக்கா சென்ற பிள்ளைகள் ‘பில்லே’ ஆனார்கள். முதலிகள் ‘மூட்லி’ ஆனார்கள். மலேசியாவில் வேறு ஏற்பாடு. ‘இன்னாரின் மகன்’ என்ற பொருளுடைய மலாய்த் தொடரின் சுருக்கத்தை நடுவில் இட்டு, தந்தை பெயரை அடுத்து எழுதுவார்கள். இதனால் அங்கே குடும்பப் பெயர் என்று ஒன்றை வலிந்து உண்டாக்க வேண்டி வரவில்லை. தமிழர் வழக்கத்துக்கு மிக நெருங்கிய அரசாங்க ஏற்பாடு அதுதான்.

ஒருவர் பெயர், பல மொழிகள்

2013 ஆகஸ்ட் கடைசியில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை ஆணையாளர் இலங்கைக்கு வந்தார். தர்பனில் பிறந்தவர், 2008 முதல் 2014 வரை அந்தப் பதவியில் இருந்தவர். வடக்குக்கும் திருகோணமலைக்கும் போனார். அந்த வாரத்துச் செய்தித்தாள்கள் எல்லாவற்றிலும் அவர் பெயர். ஒரே பெயர் ஆசிய மொழிகளுக்குள் என்னென்ன ஆகிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

தமிழ்ப் பத்திரிகைகள் நவநீதம்பிள்ளை என்று எழுதின. தென்னாபிரிக்க ஆங்கிலத்தில் தொலைந்துபோன ளகரத்தை மீட்டு, பெயரையும் பிள்ளையையும் நம் வழக்கப்படி ஒன்றாகச் சேர்த்துக்கொண்டன. சிங்களத்தில் ‘பில்லே’. சிங்கள எழுத்தில் லகரத்துக்கும் ளகரத்துக்கும் தனித்தனி வடிவம் உண்டு. பேச்சில் இரண்டும் ஒன்றே. அரபியில் பகரத்தின் வல்லொலிக்கு எழுத்து இல்லை. ஆகவே முதலெழுத்து மெலிந்து, பந்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலியோடு ‘பீலாய்’ ஆயிற்று. ஜப்பானிய மொழியில் லகரம் இல்லை. ரகரம் போட்டுப் ‘பிரெய்’, ‘பிரை’ என்று எழுதினார்கள். கொரியர்கள் ‘பில்லெய்’ என்றார்கள். சீனர்களுக்கு ஒலிக்கென்று எழுத்துத் தொகுதி கிடையாது. பொருள் உள்ள குறிகளையே ஒலிக்காக எடுத்து அடுக்க வேண்டும். தோல் என்று பொருள்படும் ‘பி’ என்ற குறியையும் ‘லை’ என்று ஒலிக்கும் இன்னொரு குறியையும் சேர்த்துப் ‘பிலை’ என்று எழுதினார்கள். ஆசியா முழுவதும் சுற்றிய இந்தப் பெயரில் எங்கும் நிலைத்து நின்றது இகரமும் ஈற்று ஐகாரத்தின் சாயலும். எங்கும் நிற்காமல் போனது தமிழின் ளகரம்.

சீனக் குடும்பப் பெயர்களின் கதை இதற்கு நேர்மாறு. மன்டரின் பேசுகிறவர் ‘சென்’ என்று சொல்லும் குடும்பப் பெயரைக் கன்டோனியர் ‘சான்’ என்பார். சிங்கப்பூரின் ஹொக்கியன் மக்கள் ‘தான்’ என்பார்கள். வியட்நாமில் அதுவே ‘த்ரன்’. 1225 முதல் 1400 வரை அந்த நாட்டை ஆண்ட அரச மரபின் பெயர் அது. கொரியாவில் ‘ஜின்’. ஒலியில் ஒன்றுக்கொன்று அறிமுகமே இல்லாத இந்தப் பெயர்கள் சீன எழுத்தில் எழுதும்போது ஒரே குறி. அந்தக் குறியைக் காட்டினால், அதை அறிந்தவர்கள் ஐந்தும் ஒரே பெயர் என்று கண்டுகொள்வார்கள். நமக்கு அப்படிப் பொதுக்குறி எதுவும் இல்லை. புல்லே, புள்ளே, பில்லே, பிள்ள என்று பெயர் சிதறியபோது அவற்றைச் சேர்த்துக் காட்ட நாவும் நினைவும் மட்டுமே இருந்தன. அதுமட்டுமன்று. சீனருக்கு அந்தக் குறி வமிசத்தைச் சொல்கிறது. ஆரையம்பதியில் பிள்ளை வமிசத்தைச் சொல்வதில்லை. அப்படியென்றால் இங்கே வமிசத்தைச் சொல்வது எது?

எழுதப்படாத குடி

மட்டக்களப்புத் தேசத்தில் வமிசத்துக்குப் பெயர் குடி. காலிங்காகுடி, படையாண்டகுடி, உலகிப்போடிகுடி, பணிக்கனார்குடி, கச்சிலாகுடி, பெத்தாண்டகுடி என்பன இந்தத் தேசத்தில் பெயர்பெற்ற குடிகளில் சில. காலிங்காகுடியைக் கலிங்கத்தோடும் மாகோன் மன்னனோடும் சேர்த்துச் சொல்லும் மரபு உண்டு. எவ். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ குடிகளைப் பற்றிய வழிவழிக் கதைகளைத் தொகுத்துத் தருகிறது. வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) இந்த மக்களின் வாழ்வையும் வழக்குகளையும் விரித்துக் காட்டுகிறது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட பெருநூலில், தமிழரும் முஸ்லிம்களும் பகிர்ந்துகொள்ளும் இந்தக் குடி முறையே நடுநாயகம்.

குடி தாய்வழியில் இறங்கும். தாய் எந்தக் குடியோ பிள்ளைகள் அந்தக் குடி. ஒரே தாயின் வழிவந்த கிளையை ‘வயிற்றுவார்’ என்பார்கள். ஒரே குடிக்குள் கல்யாணம் இல்லை. தாயின் சகோதரி பிள்ளைகள் நம் குடி. ஆகவே அவர்கள் உடன்பிறப்புகள். மாமனின் பிள்ளைகள் மாமியின் குடி. அப்பாவின் சகோதரி பிள்ளைகள் அப்பாவின் குடி. இருவரும் வேறு குடி என்பதால் மச்சான், மச்சாள் முறை. இந்த உறவுமுறைகள் குடிக்கணக்கில் பொருந்துவதை இங்கே பார்க்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். கணபதிப்பிள்ளை காலிங்காகுடி. அவர் மணந்த வள்ளிப்பிள்ளை படையாண்டகுடி. இவர்களுக்குத் தம்பிப்பிள்ளை என்று ஒரு மகன், தங்கப்பிள்ளை என்று ஒரு மகள். இருவரும் படையாண்டகுடி. மகன் தம்பிப்பிள்ளை உலகிப்போடிகுடிப் பெண்ணை எடுக்கிறார். அவர் பிள்ளைகள் உலகிப்போடிகுடி. மகள் தங்கப்பிள்ளையின் பிள்ளைகளோ, கணவர் எந்தக் குடியாக இருந்தாலும், படையாண்டகுடியே. இப்போது பதிவேட்டை எடுங்கள். கணபதிப்பிள்ளை, அடுத்து க. தம்பிப்பிள்ளை, அடுத்து த. முன்னெழுத்தோடு பேரன். எழுத்தில் ஒரே நேர்கோடு. குடியில் பார்த்தால் மூன்று தலைமுறையில் மூன்று வெவ்வேறு குடிகள். மறுபக்கம், வள்ளிப்பிள்ளை, தங்கப்பிள்ளை, அவள் மகள், பேத்தி என்று போகும் கோடு எத்தனை தலைமுறையானாலும் அறாத ஒரே குடி. ஆனால் அந்தக் கோட்டில் நிற்கும் பெண்களின் முன்னெழுத்துகள் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே இருக்கும். எழுதியது ஒரு வழி; வாழ்ந்தது இன்னொரு வழி.

குடி வெறும் கல்யாணக் கணக்கு மட்டுமன்று. கோயில் திருவிழா நாட்கள் குடிகளுக்குப் பங்கிட்டவை. இந்த நாள் இந்தக் குடியின் திருவிழா என்ற உரிமை தலைமுறைகளாக வருவது. கோயிலை நடத்தும் வண்ணக்கர்மார் குடி சார்பில் வருகிறவர்கள். வைகாசியில் ஆரையம்பதியிலும் சுற்றூர்களிலும் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும்போது, யார் எதைச் செய்வது, யாருக்கு முதன்மை என்பதையெல்லாம் வழமை தீர்மானிக்கும். ஒருவர் பெயரின் ஈற்றில் பிள்ளை இருக்கிறதா இல்லையா என்று அங்கே எவரும் கேட்பதில்லை. கிழக்குக் கரை முஸ்லிம் ஊர்களிலும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் என்ற ஏற்பாடு இருந்து வந்திருக்கிறது.

வீடும் காணியும் பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். முற்காலத்தில் முதுசச் சொத்து மருமக்களுக்கே இறங்கியது. முக்குவர் வழமை என்று பெயர்பெற்ற இந்த விதிகளைக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் நூலாக்கினார். அதே 1876இல் வந்த 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொத்துரிமையைப் பொதுச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. சட்டத்தில் வழமை வலுவிழந்தது. கோயிலிலும் கல்யாணத்திலும் குடி மட்டும் நின்றது.

பிள்ளையும் தாய்வழியும் சந்தித்த இன்னோர் இடம் நாஞ்சில் நாடு. அங்கே வேளாளர் பெயரில் பிள்ளை போட்டார்கள். சொத்து மருமக்கள் வழியில் இறங்கியது. அந்த முறையால் விளைந்த துயரங்களைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்ற நூலாகவே பாடினார். 1926இல் திருவிதாங்கூர்ச் சட்டம் அதை முடித்துவைத்தது. தாய்வழி என்றாலே பெண்ணுக்கு எல்லா நன்மையும் என்று எண்ணிவிடக் கூடாது என்பதையும் கவிமணியின் நூல் நினைவூட்டுகிறது. மட்டக்களப்பில் குடி தாய்வழி. குடியின் பெயரால் கோயிலில் நின்று பேசியவர்கள் ஆண்களே.

தாயின் வழியே வமிசம் ஓடுவது ஆசியாவில் நமக்கு மட்டும் உரியதன்று. குடும்பப் பெயரைக் குறிக்கும் சீனக் குறியில் பெண்ணும் பிறப்பும் இணைந்திருக்கின்றன. கொரியாவில் கிம்ஹே கிம் மரபினர் தம் முதல்வன் சுரோ அரசன் என்பார்கள். அவன் மனைவி ஹோ, அயுத்தா என்ற நாட்டிலிருந்து கப்பலில் வந்து 48ஆம் ஆண்டில் அவனை மணந்தாள் என்று 13ஆம் நூற்றாண்டில் தொகுத்த ‘சம்குக் யுசா’ என்ற நூல் சொல்கிறது. அயுத்தா அயோத்தி என்பார் ஒரு சாரார். தென்தமிழ்நாடு என்பார் ஒரு சாரார். நமக்கு வேண்டியது அடுத்த செய்தி. பிள்ளைகளில் இருவருக்குத் தாயின் பெயர் இடப்பட்டது என்பது மரபு. அவர்கள் வழியினரே கிம்ஹே ஹோ மரபினர். கிம்ஹே கிம்மும் கிம்ஹே ஹோவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதால் தமக்குள் கல்யாணம் செய்வதில்லை என்பது வழமை. ஒரே மரபினர் மணக்கக் கூடாது என்று கொரியச் சட்டமே தடுத்திருந்தது. 1997இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாததாக்கியது. கொரியர்களால் இவ்வளவு தொலைவுக்கு வமிசம் சொல்ல முடிவதற்குக் காரணம், அவர்கள் எழுதிவைத்த மரபேடுகள்.

கட்டங்களுக்குள் அடங்காதது

இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு முறை 1867இல் சட்டமாக வந்தது. நம் கையில் உள்ள பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பிள்ளையின் பெயர். தந்தையின் முழுப்பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், இனம். தாய்க்கும் அதே விவரங்கள். அதற்குக் கீழே பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம். அதற்கும் கீழே பாட்டனாரின் தந்தையைக் கேட்கும் கட்டம். ஆண்வழியில் மூன்று தலைமுறை கேட்கும் அந்தத் தாளில், தாயின் தாயைக் கேட்க ஓர் இடம் இல்லை. குடிக்கும் இடம் இல்லை.

கடவுச்சீட்டு வந்தபோது சிக்கல் இன்னும் பெருத்தது. அது குடும்பப் பெயர் கேட்கிறது. நம்மிடம் இல்லாத ஒன்று. தந்தையின் பெயரை அந்தக் கட்டத்தில் போட்டார்கள். அப்படித்தான் ரொறன்ரோவிலும் லண்டனிலும் கணபதிப்பிள்ளை ஒரு குடும்பப் பெயரானது. அங்கே பிறந்த மூன்றாம் தலைமுறைப் பிள்ளை, தான் கண்டிராத கொள்ளுத்தாத்தாவின் சொந்தப் பெயரைத் தன் வமிசப் பெயராகச் சுமக்கிறது. அதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். புலம்பெயர்ந்த ஊரில் ஒரு பழைய பெயர் வாழ்வது நல்லதே. ஆனால் நூறு ஆண்டு கழித்து ஒருவர் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு தன் வேரைத் தேடி ஆரையம்பதிக்கு வந்தால், அது அவரை ஒரே ஒரு மனிதரிடம் கொண்டுபோய் நிறுத்திவிடும். அதற்கு அப்பால் வழி சொல்லக்கூடியது குடி ஒன்றுதான்.

அந்தக் குடியை அறிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். போர் ஊர்களைக் கலைத்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதிச் சுனாமி இந்தக் கரையோரத்தில் மனிதரையும் வீட்டுப் பெட்டியில் இருந்த பத்திரங்களையும் சேர்த்தே கொண்டுபோனது. நகரத்துக்குப் போன பிள்ளைகளுக்குக் கல்யாணப் பேச்சு வரும்போதுதான் குடியின் பெயரே காதில் விழுகிறது. காதல் கல்யாணமானால் அதுவும் இல்லை. குடியை வைத்து உயர்வு தாழ்வு பேசிய காலம் போகட்டும், போகத்தான் வேண்டும். கோயிலில் முதன்மைக்காக நடந்த சண்டைகளும் போகட்டும். ஆனால் எழுத்தே இல்லாமல், பெயரில் ஓர் எழுத்தைக்கூட எடுத்துக்கொள்ளாமல், தாய்மாரின் வாய்மொழியால் மட்டும் இத்தனை தலைமுறை வந்த ஒரு வரலாறு நம் காலத்தில் அறுந்துபோனால், அதை மீட்டுத் தர எந்தச் சுவடிக்கூடத்தாலும் முடியாது.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் மூத்த பெண் ஒருவர் இருக்கும்போதே ஒரு கொப்பியை எடுங்கள். தாயின் பெயர், தாயின் தாய் பெயர், அவர் தாய் பெயர் என்று அவருக்கு நினைவுள்ளவரை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் அருகில் குடி, பிறந்த ஊர், எந்தக் கோயிலில் எந்த நாள் திருவிழா உரிமை என்று குறியுங்கள். பெயரைப் பத்திரத்தில் உள்ளபடி ஒருமுறை எழுதுங்கள். வீட்டில் கூப்பிட்டபடி இன்னொருமுறை எழுதுங்கள். புள்ள என்றால் புள்ள என்றே எழுதுங்கள். பிள்ளை என்று திருத்தவேண்டாம். வெளிநாட்டு ஆவணங்களில் தேடுகிறவர்கள் பில்லே, புல்லே, புள்ளே, பிள்ள என எல்லா வடிவிலும் தேடிப் பாருங்கள். தந்தைவழிப் பட்டியல் அரசாங்கத்திடம் இருக்கிறது. தாய்வழிப் பட்டியலை நாம்தான் எழுதியாக வேண்டும்.

அடுத்த இதழில்: கந்தப்போடி, வேலாப்போடி என்ற பெயர்களில் வரும் ‘போடி’. படுவான்கரை வயலும் போடியார் வீடும் ஒரு பெயரைப் படைத்த கதை.